தெருவின் கணக்கு

(வள்ளியூர்க் கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

     

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவிலே தெருவைப் பற்றியும், சாலையைப் பற்றியும், உள்ளாட்சி மன்றத்தின் செலவுக் கணக்கைப் பற்றியும் ஒருவன் பேச வந்தால், இஃது இடத்திற்குப் பொருந்தாத பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகள் எழுதப் படிக்க வேண்டும் என்றுதான் இச்சங்கம் தோன்றியது. இன்று அவர்கள் படிக்கிறார்கள், பட்டமும் பெறுகிறார்கள். ஆனால், நம் தெருமுனையிலே ஒரு பலகை நடப்பட்டு, அதில் பணியின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தக்காரர் பெயர் ஆகியவை எழுதப்பட்டிருக்கும்போது, அதனை நின்று படிக்கிறவர் நம்மில் எத்தனை பேர்? படித்த பின்னர், அந்தத் தொகைக்குரிய வேலை நடந்திருக்கிறதா என்று அளந்து பார்க்கிறவர் எத்தனை பேர்? அந்த எழுத்தையும் படிக்கும் கல்வியே முழுமையான கல்வி என்பது என் கருத்து. அதைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

தெரு என்பது நம் சமுதாயத்திற்கு எளிதில் கிடைத்த பொருள் அன்று. பொதுச் சாலையில் நடப்பதற்கே நம் முன்னோர் சட்டமன்றத்திலே போராட வேண்டியிருந்தது. 1924 ஆம் ஆண்டிலே, பெரியவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்திலே ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். எந்த ஊரிலும், எந்தப் பொதுச் சாலையிலும், தெருவிலும், பாதையிலும் எவரும் நடக்கத் தடையில்லை; பொதுக் கிணறும் குளமும் பொது அலுவலகமும் எல்லோர்க்கும் உரியவை என்பது அதன் சாரம். அதே ஆண்டு செப்டம்பரில் அஃது அரசாணையாகவும் வெளிவந்தது. ஆணை வந்ததனால் மட்டும் தெருக்கள் திறந்துவிட்டனவா? ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் அன்று திருவிதாங்கூர் அரசு. அங்கே, நமக்கு அண்மையிலுள்ள சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926 இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது.

மராட்டியத்து மகத் நகரின் வரலாறு நமக்கு இன்னும் தெளிவான பாடம். பொது நீர்நிலைகளை எல்லோர்க்கும் திறந்துவிட வேண்டும் என்று 1923 இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. அதனைப் பின்பற்றி 1924 இல் மகத் நகராட்சி மன்றமும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் ஏட்டிலே இருந்தது. குளத்தில் நம்மவர் ஒருவரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து சென்று அந்தக் குளத்து நீரை அள்ளிப் பருகிய பின்னர்தான், அந்தத் தீர்மானத்திற்கு எவ்வளவு மதிப்பு என்பது வெளிப்பட்டது. அவ்வாண்டிலேயே நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்று, 1937 இல்தான் நமக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது.

மன்றத்தின் தீர்மானம் வேறு, மண்ணில் நடப்பது வேறு. இரண்டும் ஒன்றா என்று நேரில் சென்று பார்க்கிறவன் இருந்தால்தான் தீர்மானத்திற்கு உயிர் உண்டு. அன்று குளத்திற்குப் பொருந்திய அந்த உண்மை, இன்று வேகத்தடைக்கும் தெருவிளக்கிற்கும் பொருந்தும்.

இன்று தெருவில் நடக்க நம்மைத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆயினும், நடந்தவன் உயிரோடு வீடு திரும்புவான் என்ற உறுதி இருக்கிறதா? 2022 ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களில் நடந்து சென்றவர்கள் 32,825 பேர். இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் 74,897 பேர். இவ்விரு பிரிவினர் மட்டுமே மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகின்றனர். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள்.

இந்தப் புள்ளிகளில் சாதி எழுதப்படவில்லை. ஆனால் விடியற்காலையில் சாலையோரம் நடந்து வேலைக்குச் செல்பவர் யார்? கொத்து வேலை முடித்து இருட்டிய பின் விளக்கில்லாத மிதிவண்டியில் திரும்புபவர் யார்? புத்தகப் பையோடு சாலையைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளில் யார் வீட்டுப் பிள்ளைகள் அதிகம்? நீங்களே அறிவீர்கள். வள்ளியூரோ, வட இந்தியாவிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். நான்குவழிச் சாலையின் விரைவும், கல்லும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் லாரிகளின் பாரமும், இராதாபுரத்திற்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் பிரியும் சாலைகளின் நெரிசலும் நம் அன்றாட வாழ்வோடு கலந்தவை. ஆகவே, சாலைப் பாதுகாப்புக்கென்று செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் நமக்கு உயிர்க் கணக்கு.

கேள்வி கேட்கப் புறப்படுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, சாலை யாருடையது என்பது. தேசிய நெடுஞ்சாலைக்குப் பொறுப்பு ஒன்றிய அரசின் நெடுஞ்சாலை ஆணையம். மாநில நெடுஞ்சாலையும் மாவட்டச் சாலைகளும் மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. சில சாலைகள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. ஊருக்குள்ளே இருக்கும் தெருக்கள் பேரூராட்சியையோ ஊராட்சியையோ சேர்ந்தவை. இதனை அறியாமல் மனு எழுதினால், "இஃது எங்கள் சாலை அன்று" என்ற ஒரு வரிப் பதிலில் ஆறு மாதம் கழிந்துவிடும்.

அடுத்து அறிய வேண்டியது, பணம் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது என்பது. நிதிக்குழு மானியம் உண்டு. பேரூராட்சியின் சொந்த வரி வருவாய் உண்டு. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் 15 விழுக்காடு பட்டியல் இனத்தவர் வாழும் பகுதிகளுக்குச் செலவிடப்பட வேண்டும் என்பது அதன் வழிகாட்டு நெறி. நம் மக்களுக்கென்று தனியே ஒதுக்கும் சிறப்புக் கூறுத் திட்டம் 1979–80 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 இல் தமிழ்நாட்டில் அதற்கென்று தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

தலைப்பை ஏன் கேட்க வேண்டும்? நமக்கென்று ஒதுக்கிய பணம் வேறிடம் செல்வதுண்டு. டெல்லியில் சிறப்புக் கூறுத் திட்டத்தின் பணம் ஏறத்தாழ 678 கோடி ரூபாய், காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி தொடர்பான செலவுகளுக்குத் திருப்பப்பட்டது. 2010 இல் உள்துறை அமைச்சராக இருந்த ப. சிதம்பரம் நாடாளுமன்றத்திலேயே அதனை ஒப்புக்கொண்டார். தலைநகரிலே, ஊரறிய நடந்த செலவிலேயே இது நிகழுமானால், சிற்றூரிலே நம் காலனியின் பெயரால் வந்த தெருவிளக்கு எந்தத் தெருவில் எரிகிறது என்று நாம் பார்க்க வேண்டாமா?

செலவை ஆராய்வது முதலில் மன்ற உறுப்பினர்களின் கடமை. நம் மன்றங்களுக்கு நேர்ந்த ஓர் இடைவெளியை இங்கு நினைவூட்ட வேண்டும். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு பேரூராட்சி, நகராட்சி மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது. நெல்லை மாவட்டத்து ஊராட்சிகளுக்கோ 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. ஏறத்தாழ ஐந்தாண்டுகளாகத் தனி அலுவலர்களே தீர்மானித்து, தனி அலுவலர்களே செலவு செய்தனர். "இது எதற்கு?" என்று கேட்க அந்த அவையிலே எதிர் இருக்கை இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊரில் கணக்கு கேட்பது எவ்வளவு கடினம் என்பதை அந்த ஆண்டுகள் உணர்த்தின. ஆனால், மன்றம் இருந்தும் உறுப்பினர் பொருள் எண் ஒன்று முதல் முப்பது வரை கையை உயர்த்தி விட்டு, தேநீர் அருந்திச் சென்றால், அந்த இருக்கையால் என்ன பயன்?

உறுப்பினர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு என்பேன்.

முதற் கேள்வி: ஏன் இந்த இடம்? எந்த முக்கில், எந்த விலக்கில் மக்கள் அடிபடுகிறார்கள் என்பது காவல் நிலையப் பதிவிலே இருக்கிறது. வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் அந்தப் பதிவைப் பார்த்து வைக்கப்படுகின்றனவா? அன்றி, செல்வாக்குடையவர் வீட்டு வாசலைப் பார்த்து வைக்கப்படுகின்றனவா?

இரண்டாவது கேள்வி: யாருக்காக இந்தச் செலவு? சென்னை மாநகராட்சி 2014 இல் ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான தன் நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்க்கும் மிதிவண்டியில் செல்பவர்க்கும் செலவிடுவது என்பது அதன் குறிக்கோள். அந்த அளவுகோலை நம் ஊருக்கும் வைத்துப் பார்க்கலாமே! சாலைக்கு என்று செலவான தொகையில் நடைபாதைக்கு எவ்வளவு, விளக்கிற்கு எவ்வளவு, பள்ளி வாசலுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் உண்மை தானே வெளிப்படும்.

மூன்றாவது கேள்வி: அளவு சரியா? இதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. அளவு நாடாவும் பெருக்கல் வாய்பாடும் போதும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று கான்கிரீட் சாலைக்கு மதிப்பீடு எழுதியிருந்தால், அதற்கு 45 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். கனம் 12 சென்டிமீட்டராகக் குறைந்தால் 36 கன மீட்டரே போட்டதாகும். மேலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஐந்தில் ஒரு பங்கு பணம் மட்டும் மறைந்திருக்கும். இரண்டு மழைக்குள் சாலையும் பிளந்திருக்கும். வேகத்தடைக்கும் அளவு உண்டு. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988 இல் வகுத்த நெறிப்படி, அதன் அகலம் 3.7 மீட்டர்; உயரம் 10 சென்டிமீட்டர். அதற்கு முன்னதாகவே எச்சரிக்கைப் பலகை வேண்டும். வண்ணம் பூசாமல், பலகை வைக்காமல், ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழுப்பிய மேடு, இரவில் வரும் இருசக்கர வண்டிக்காரனை வீழ்த்தும் பொறியே ஆகும். பாதுகாப்பின் பெயரால் செலவு செய்து ஆபத்தை வாங்கியதாக முடியும்.

பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போடுவதும் நம் குடியிருப்புகளுக்குப் பெருந்தீங்கு. ஒவ்வொரு முறையும் தெரு உயர்கிறது, வீடு தாழ்கிறது, வாறுகால் மறைகிறது, மழைநீர் அடுப்படிக்குள் வருகிறது. பழைய பரப்பை அகற்றிய பின்பே புதிய பரப்பு இட வேண்டும் என்று 2021 இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு அலுவலர்களுக்கு அறிவுறுத்தினார். சுரண்டும் வேலை மதிப்பீட்டில் உள்ளதா, அது நடந்ததா என்பது உறுப்பினர் கேட்க வேண்டிய கேள்வி.

நான்காவது கேள்வி: பயன் என்ன? செலவுக்கு முன்னர் ஓர் ஆண்டில் அந்த இடத்தில் எத்தனை விபத்துகள்? செலவுக்குப் பின்னர் எத்தனை? இந்த ஒரு வரியைப் பதிவேட்டில் எழுதாத மன்றம், பணத்தைச் செலவிட்டதே தவிர, பாதுகாப்பை ஏற்படுத்தியதாகச் சொல்ல முடியாது.

உறுப்பினர் கேளாவிட்டால் மக்கள் கேட்கலாம். 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க் கட்டணத்தில், மதிப்பீட்டின் நகலையும் அளவுப் புத்தகத்தின் நகலையும் எவரும் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நடந்த பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும்கூட அச்சட்டம் உரிமை தருகிறது என்பதைப் பலர் அறியார். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை ஆண்டுதோறும் எழுதும் தணிக்கைத் தடைகளையும் கேட்டுப் பெறலாம். ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்கள் கிராம சபைக்கு உரியவை. பேரூராட்சி உள்ளிட்ட நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2022 இல் விதிகள் வந்தன. குறைபாடான சாலையால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், அதற்குப் பொறுப்பான ஒப்பந்தக்காரர்க்கும் அதிகார அமைப்புக்கும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019 இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இடமளிக்கிறது.

"நிதி இல்லை" என்ற விடை வருமானால் அதற்கும் மறுமொழி உண்டு. மத்தியப் பிரதேசத்து இரத்லம் நகராட்சி, வாறுகாலும் கழிப்பிடமும் இன்றித் தவித்த ஒரு பகுதி மக்களிடம் பணமில்லை என்றே கூறியது. 1980 இல் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மக்களின் அடிப்படைத் தேவையை நிறைவேற்றும் சட்டக் கடமையிலிருந்து பணமின்மையைக் காட்டி ஒரு நகராட்சி விலக முடியாது என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

படித்தவர்களால்தான் இது முடியும் என்று தாய்மார்கள் எண்ண வேண்டாம். 1994 டிசம்பர் 2 ஆம் நாள் இராஜஸ்தானத்தின் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்னும் சிற்றூரில், ஊர் நடுவே மக்கள் கூடினர். அருணா ராய் முதலானோர் அமைத்த உழவர் உழைப்பாளர் அமைப்பு, அவ்வூர்ப் பணிகளின் செலவுக் கணக்கை உரக்கப் படித்தது. எழுத்தறியாதவர்களே எழுந்து நின்று, "இந்த வேலை இங்கே நடக்கவில்லை, இந்தக் கூலி எனக்கு வரவில்லை" என்று சாட்சி சொன்னார்கள். ஒருவர் படிக்கவும் ஊரே கேட்கவும் ஒத்துழைத்த அந்தக் கூட்டங்களின் வழித்தோன்றலே, பின்னாளில் நாடு முழுவதற்கும் வந்த தகவல் உரிமைச் சட்டம். படிக்கும் வேலையை நம் இளைஞர்கள் ஏற்கட்டும்; சாட்சி சொல்லும் வேலைக்கு நம் தாய்மார்களைவிடத் தகுதியானவர் யார்?

இதிலுள்ள இடரையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துத் தாழையூத்து ஊராட்சியின் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி அவர்கள், அருந்ததியர் சமுதாயத்துப் பெண்மணி. பெண்களுக்குப் பொதுக் கழிப்பிடம் கட்டவும், ஊராட்சியை நேர்மையாக நடத்தவும் முனைந்த அவர், 2011 ஜூன் மாதத்தில் கொடுமையாக வெட்டப்பட்டார். உயிர் பிழைத்தார், வழக்கைக் கைவிடாமல் நின்றார். 2024 இல்தான் தீர்ப்பு வந்து குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆகையால் இளைஞர்களே, தனியாகச் சென்று கோபத்தில் கேட்காதீர்கள். சங்கத்தின் பெயரால் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், ஒப்புகைச் சீட்டுப் பெற்றுக் கேளுங்கள். ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டுக் கேட்காமல், கணக்கைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். சரியாக இருந்தால் சரி என்று அதே மேடையில் சொல்லுங்கள். அப்போதுதான் நம் சொல்லுக்கு மதிப்பு நிற்கும்.

இறுதியாக, நம்மவர்க்கே கசக்கும் ஒன்றையும் கூறி விடுகிறேன். இடஒதுக்கீட்டினால் நம்மவர் மன்றத்தில் அமர்கிறார்; நம்மவர் சிலர் ஒப்பந்தமும் எடுக்கிறார்கள். அது நமக்குப் பெருமை. ஆனால், "நம்ம ஆள்தானே, விட்டுவிடுவோம்" என்று நாம் வாயை மூடிக்கொண்டால், கணக்குக் கேட்கும் உரிமையையே நாம் இழந்தவராவோம். மேலத்தெரு உறுப்பினரிடம் கேட்ட அதே நான்கு கேள்விகளை நம் தெரு உறுப்பினரிடமும் கேட்க வேண்டும். கனம் குறைந்த கான்கிரீட்டை ஊற்றியவர் நம் சாதிக்காரர் என்பதனால், அதில் தடுக்கி விழும் நம் குழந்தைக்கு வலி குறைந்துவிடப் போவதில்லை. நம்மவர் என்பதால் முதலில் கேட்போம். நேர்மையாக நடக்கும் நம்மவர்க்கு ஆபத்து வந்தால் முதலில் அவர் பக்கம் நிற்போம். இவ்விரண்டும் ஒரே கடமையின் இரு பகுதிகள்.

சங்கத்தின் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாலை நேரப் படிப்பு மையத்தில் ஒரு பதிவேடு வையுங்கள். இடப்பக்கத்தில் நம் தெருக்களின் பெயர்கள். வலப்பக்கத்தில் அங்கு நடந்த பணி, தொகை, தலைப்பு, நாம் அளந்த அளவு, அங்கு நேர்ந்த விபத்து. மேல்நிலை வகுப்பு மாணவர் இருவர் மாதம் ஒரு முறை எழுதினால் போதும். கணக்குப் பாடத்திற்கும் அது பயிற்சி. குடிமைப் பாடத்திற்கும் அது பயிற்சி. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரை உட்கார வைத்து, அந்தப் பதிவேட்டை அவர் முன் விரித்து வையுங்கள்.

நூறாண்டுகளுக்கு முன் தெருவில் நடக்கும் உரிமையை நம் முன்னோர் பெற்றுத் தந்தனர். அந்தத் தெருவின் கணக்கைப் படிக்கும் கல்வியை இச்சங்கம் 25 ஆண்டுகளாகத் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும் பொறுப்பு இனி உங்களுடையது.